வீட்டு வைஃபையில தெரியுற கெமரா, வெளிய வந்தா தெரியல. என்ன செய்ய?

கந்தப்பளைக்காரன்:
வணக்கம். நான் வேலை பார்க்கிறது கொழும்பு வெள்ளவத்தையில. அப்பாவும் அம்மாவும் நுவரெலியா பக்கம் கந்தப்பளையில இருக்காங்க. வீட்டுக்குப் பின்னால லீக்ஸும் கரட்டும் போட்டிருக்கோம், அதை ஒட்டி ஒரு கொட்டில். தண்ணி மோட்டார், மருந்தடிக்கிற டாங்கி, உரமூட்டை எல்லாம் அதுக்குள்ளதான். பக்கத்துத் தோட்டத்துல ராத்திரியோட ராத்திரியா மோட்டாரைக் கழட்டிக்கிட்டுப் போயிட்டானுங்க. அந்தப் பயத்துல நாங்களும் நாலு கெமராவும், அதுங்க படத்தைப் பதிஞ்சு வைக்கிற டிவிஆர் பெட்டி ஒண்ணும் போட்டோம்.

வீட்டுல இருந்து போன்ல பார்த்தா நாலும் பளிச்சுனு தெரியுது. ரோட்டுக்கு இறங்கி வைஃபை விட்டதும் "ஆஃப்லைன்"னு வந்துடுது. எங்க பக்கம் ஃபைபர் லைன் வரல, 4ஜி சிம் போட்ட ரவுட்டர்தான். கெமரா பூட்டின பையன் போர்ட் ஃபோர்வர்டிங் (வெளிய இருந்து வர்றதை ரவுட்டர் டிவிஆருக்குத் திருப்பி விடுறது) செய்யணும், அதுக்குத் தனியா காசுன்னு சொல்றாரு. நானே ரவுட்டர்ல 8000 போர்ட்டைத் திறந்து பார்த்தேன், அசையல. இன்னொன்னு, இது நாள் பூரா சிம் டேட்டாவைக் குடிக்குமா? ரீலோட் போடுறது அப்பா.

ரம்பொடை ராஜா:
ஸ்டாட்டிக் ஐபி, அதாவது மாறாத நெட் அட்ரஸ் ஒண்ணு வாங்குங்க ப்ரோ. வேற வழி இல்ல.

ஹட்டன் வயர்மேன்:
ராஜா தம்பி, அவசரப்பட்டு அவரு பொக்கட்டுல கை வைக்காதீங்க. சாதாரண சிம்முக்கு அதைக் கேட்டு வாங்குறதுக்குள்ள கரட்டு ரெண்டு போகம் எடுத்துடலாம்.

கந்தப்பளைத் தம்பி, முதல்ல ரவுட்டரோட செட்டிங்ஸ் பேஜ்ல WAN ஐபின்னு ஒரு நம்பர் இருக்கும் (சிம் கம்பெனி ரவுட்டருக்குக் குடுத்த அட்ரஸ்), அதைப் பாருங்க. 10ல தொடங்கினா, இல்லாட்டி 100.64ல இருந்து 100.127க்குள்ள இருந்தா, அது உங்களுக்குன்னு தனியா வந்த அட்ரஸ் இல்ல. கம்பெனி ஒரே வெளி அட்ரஸை நிறையப் பேருக்குப் பங்கு போட்டுக் குடுத்திருக்கு. வெளிய இருந்து தட்டுறவனுக்கு உங்க ரவுட்டர் எதுன்னே தெரியாது. அப்புறம் நீங்க எந்தப் போர்ட்டைத் திறந்து என்ன? திறந்ததை இன்னைக்கே மூடுங்க. 2016ல மிராய்னு ஒரு வைரஸ், பாஸ்வேர்ட் மாத்தாம நெட்டுக்குத் திறந்து கிடந்த கெமராவையும் டிவிஆரையும்தான் லட்சக்கணக்குல புடிச்சுக்கிட்டுப் போச்சு.

உங்களுக்கு வேண்டியது பி2பி. டிவிஆரே வெளிய போய் அதோட கம்பெனி சர்வர்ல தன்னைப் பதிஞ்சுக்கிட்டு நிக்கும். உங்க போனும் அங்கயே போகும், அது ரெண்டையும் சேர்த்து விட்டுடும். உள்ள இருந்து வெளிய போறதுக்கு எந்த சிம்மும் தடை போடாது. டிவிஆர் மெனுவில நெட்வர்க்குக்குள்ள பி2பி, இல்லாட்டி கிளவுட்னு இருக்கும். அதை ஓன் பண்ணுங்க. பக்கத்துல "ஓன்லைன்"னு வரணும்.

வராட்டி, என் சந்தேகம் கேட்வேயும் (வெளிய போற வழியா டிவிஆருக்குக் குடுக்குற ரவுட்டர் அட்ரஸ்), டிஎன்எஸ்ஸும் (சர்வர் பேரை வச்சு அதோட அட்ரஸைத் தேடித் தர்றது). டிவிஆர் வரும்போதே 192.168.1.1னு கேட்வே போட்டு வரும். 4ஜி ரவுட்டர் நிறையதுல அது 192.168.8.1. பூட்டுறவங்க டிவிஆரோட ஐபியை மட்டும் 192.168.8 வரிசைக்கு மாத்திட்டு கேட்வேயை அப்படியே விட்டுடுவாங்க. வீட்டுக்குள்ள பார்க்க கேட்வே தேவையில்ல, அதனால படம் வரும். வெளிய போறதுக்கு மட்டும் டிவிஆருக்கு வாசல் தெரியாது. கேட்வே 192.168.8.1, டிஎன்எஸ் 8.8.8.8 போட்டு சேவ் பண்ணிட்டு, டிவிஆரை ஒரு தடவை ஓஃப் பண்ணி ஓன் பண்ணச் சொல்லுங்க.

டேட்டா: நீங்க பார்க்காதப்ப ஒண்ணும் பெருசா போகாது. பார்க்கும்போது மெயின் ஸ்ட்ரீம் (தெளிவான பெரிய படம்) 2 எம்பிபிஎஸ்னா ஒரு கெமராவுக்கு மணிக்கு 900 எம்பி. சப் ஸ்ட்ரீமை (போனுக்கான சின்னப் படம்) 512 கேபிபிஎஸ்ஸுக்கு இறக்கி வச்சா 230 எம்பி சொச்சம்தான். உங்க போன்ல மட்டுமில்ல, அப்பா சிம்முலயும் அதே அளவு அறுக்கும். கள்ளன் மூஞ்சியைப் பார்க்கிறதுக்கு ஹார்ட் டிஸ்க்ல மெயின் இருக்கு, போனுக்கு சப் போதும்.

கந்தப்பளைக்காரன்:
அண்ணே, கேட்வே நீங்க சொன்ன மாதிரியே 192.168.1.1! தங்கச்சியை வீடியோ கோல்ல வச்சு மாத்த வச்சேன். ஓன்லைன் வந்துடுச்சு. ஆனா போன் ஆப்ல சேர்க்க டிவிஆரோட கியூஆரை ஸ்கேன் பண்ணினா "இந்த டிவைஸ் வேற அக்கவுண்ட்ல இருக்கு"ங்குது.

ஹட்டன் வயர்மேன்:
பூட்டினவரு தன் போன்ல சேர்த்து வச்சிருக்காரு, அவ்வளவுதான். கெட்ட எண்ணம்னு சொல்ல வரல, டெஸ்ட் பண்ண சேர்த்துட்டு எடுக்க மறந்துடுறது நிறைய நடக்கும். ஆனா அது வரைக்கும் உங்க வீட்டு வாசல் அவரு கையில. போன் பண்ணி டிலீட் பண்ணச் சொல்லுங்க. அப்புறம் உங்க அக்கவுண்ட்ல சேர்த்து, தங்கச்சிக்கு "ஷெயார்" மட்டும் குடுங்க. அட்மின் பாஸ்வேர்டையும் மாத்துங்க. அது அப்பா போன் நம்பரா இருக்கக் கூடாது.

பண்டாரவளை மலர்:
நடுவுல வர்றேன். மழைக்காலம் வரட்டும், ராத்திரி கெமராவைத் திறந்து பாருங்க. பால் ஊத்தின மாதிரி இருக்கும். மூடுபனியில இன்ஃப்ராரெட் வெளிச்சம் பட்டுத் திரும்பி லென்ஸுக்கே வந்துடுது. கெமராவுல அந்த லைட்டை ஓஃப் பண்ணிட்டு, கொஞ்சம் தள்ளி ஒரு பல்பு போட்டதுக்கு அப்புறம்தான் எங்க வீட்டுல கேட் தெரிஞ்சது. லென்ஸ் முன்னால சிலந்தியும் வலை கட்டும், ஒவ்வொரு காத்துக்கும் போன்ல அலாரம் அடிக்கும். வெளக்கமாறு கெமராவுக்குக் கீழயே இருக்கட்டும்.

இன்னொன்னு தம்பி, உங்க கொட்டில் கெமரா பக்கத்து வீட்டுப் பீலியைப் பார்க்குதா? எங்க ஊர்ல அதுல பெரிய சண்டையே வந்துச்சு. பொம்பளைங்க குளிக்கிற இடம்.

கந்தப்பளைக்காரன்:
அக்கா, சொன்னதுக்கு அப்புறம்தான் பார்த்தேன், ஓரத்துல பீலி தெரியுது. அப்பாவை விட்டுத் திருப்பச் சொன்னா மோட்டார் மறைஞ்சுடுது.

ஹட்டன் வயர்மேன்:
டிவிஆர்ல பிரைவசி மாஸ்க் இருக்கு. அந்த மூலையில கட்டம் போட்டு கறுப்பாக்கிடலாம், ரெக்கோர்டிங்லயும் விழாது. போட்டுட்டு அந்த வீட்டுக்காரங்களைக் கூப்பிட்டு டிவியில காட்டிடுங்க. அப்படியே, இடி வர்ற மாதிரி இருந்தா, அது முழங்கத் தொடங்குறதுக்கு முன்னமே கொட்டில்ல இருந்து வர்ற கேபிளை டிவிஆர்ல இருந்து கழட்டி வைக்க தங்கச்சிக்குச் சொல்லி வைங்க. சித்திரை மாச மத்தியான இடிக்கு எங்க பக்கம் செத்த டிவிஆர் என் கடையில அடுக்கி இருக்கு.