டைம்கோட் கொடுத்தும் கச்சேரியின் முடிவில் ஒலி பின்தங்குவது ஏன்?

தம்புராத்தந்தி:

வணக்கம். அண்மையில் இரண்டரை மணி நேரக் கச்சேரி ஒன்றை மடிக்கணினியில் ரீப்பர் மென்பொருளைக் கொண்டு, 48 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்தேன். படம் எடுத்தது வேறொரு குழு. அவர்களுடைய மூன்று கேமராக்களும் ஒரே சிங்க் ஜெனரேட்டரிலிருந்து ஜென்லாக் (எல்லாக் கேமராக்களையும் ஒரே துடிப்பில் ஓடவைக்கும் சிக்னல்) பெற்றன. அதே பெட்டியின் எல்.டி.சி. டைம்கோடை (மணி, நிமிடம், வினாடி, பிரேம் எண்ணை ஒலி சிக்னலாகத் தருவது), வினாடிக்கு 25 பிரேம் கணக்கில், எனக்கும் ஒரு கேபிளில் தந்தார்கள். அதை ஆடியோ இன்டர்ஃபேஸின் (மைக் ஒலியை எண்களாக்கிக் கணினிக்குத் தரும் பெட்டி) 16ஆம் உள்ளீட்டில் செருகி, மென்பொருள் அதைப் பின்தொடரும்படி அமைத்ததோடு, அந்த ஒலியையும் ஒரு தடத்தில் பதிந்துகொண்டேன்.

வர்ணத்தில் உதடும் குரலும் அச்சாகப் பொருந்துகின்றன. தனி ஆவர்த்தனத்துக்கு வரும்போது மிருதங்கக்காரரின் கை வலந்தலையில் விழுந்து எழும்பிய பிறகுதான் சொல் கேட்கிறது. மங்களத்தில் ஒலி மூன்று பிரேம், அதாவது 120 மில்லிவினாடி, பின்தங்கிவிடுகிறது. டைம்கோட் வந்துகொண்டிருப்பதாகத் திரை கடைசிவரை காட்டியது. பிறகு எப்படி இந்த விலகல்?

பழையடேப்:

எடுப்பைச் சரியாகப் பிடித்துவிட்டுக் காலப்பிரமாணத்தைக் கோட்டைவிட்டிருக்கிறீர்கள். டைம்கோட் சொல்வது இடத்தை மட்டுமே: இப்போது 19 மணி 4 நிமிடம் 10 வினாடி 7ஆம் பிரேம் என்று. வினாடிக்கு 48,000 சாம்பிள்களை, அதாவது ஒலியின் அளவீடுகளை, எந்த வேகத்தில் எடுப்பது என்பதை முடிவு செய்வது இன்டர்ஃபேஸின் உள்ளே கடிகாரமாக இருக்கும் கிரிஸ்டல். மென்பொருள் டைம்கோடைப் பார்த்து எங்கே தொடங்குவதென்று தெரிந்துகொள்கிறது. பதிவு ஓடத் தொடங்கியபின் கிரிஸ்டல் போகிற போக்குத்தான்.

டேப் காலத்தில் இது வேறு மாதிரி இருந்தது. சிங்க்ரொனைசர் பெட்டி டேப்பில் பதிந்த டைம்கோடை இடைவிடாமல் படித்து, டேப்பை ஓட்டும் கேப்ஸ்டன் மோட்டாரைத் துளித்துளியாக விரைவுபடுத்தியும் தாமதப்படுத்தியும் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கும். கணினியில் அந்த மோட்டாரின் இடத்தில் இருப்பது வேர்ட் கிளாக், அதாவது ஒவ்வொரு சாம்பிளையும் எப்போது எடுப்பது என்று சொல்லும் துடிப்பு. அது வெளியிலிருந்து வராதவரை இரண்டு கருவிகளும் தத்தம் கடிகாரத்தில்தான் ஓடும். 9,000 வினாடியில் 0.12 வினாடி என்பது பத்து லட்சத்தில் 13 பங்கு. சாதாரண கிரிஸ்டலுக்கு இது பழுதே அல்ல. வினாடிக்கு 29.97 பிரேமா, 30 பிரேமா என்ற குழப்பமாக இருந்தால் மணிக்கு 3.6 வினாடி விலகியிருக்கும், ஆகவே அந்தப் பக்கம் தேட வேண்டாம்.

நாலரைக்கட்டை:

மேலே சொன்னது சரி. ஆனால் ஊகத்தை நம்பித் திருத்த வேண்டாம், அளந்துவிடலாம். எல்.டி.சி.யைத் தடத்தில் பதிந்து வைத்தது நீங்கள் செய்த புண்ணியம். 25 பிரேம் கணக்கில் ஒரு பிரேமுக்குச் சரியாக 1,920 சாம்பிள். பிரேமில் 80 பிட். ஆகவே ஒரு பிட்டுக்கு 24 சாம்பிள். அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: ஒவ்வொரு பிரேமின் முடிவிலும் பன்னிரண்டு ஒன்றுகள் அடுத்தடுத்து வருவதால், அந்த இடம் மட்டும் சீப்புப் பல்லைப்போல் நெருக்கமாகத் தெரியும். எல்டிசிடம்ப் என்னும் இலவசக் கருவியிடம் அந்தத் தடத்தைக் கொடுத்தால் ஒவ்வொரு டைம்கோடும் எத்தனையாவது சாம்பிளில் நிற்கிறது என்று பட்டியலிட்டுவிடும். இரண்டு மணி நேர இடைவெளியில் இருக்கும் இரண்டு பிரேம்களை எடுத்துக் கழித்துப் பாருங்கள். 34,56,00,000 வர வேண்டும்.

தம்புராத்தந்தி:

பார்த்தேன். 19:00:00:00 முதல் 21:00:00:00 வரை 34,56,04,610 வருகிறது. 4,610 சாம்பிள் கூடுதல்.

நாலரைக்கட்டை:

அப்படியென்றால் 96 மில்லிவினாடி. இரண்டரை மணிக்கு 120. நீங்கள் கண்ணால் கண்டதும் அதுவே. கேமராக்களும் டைம்கோடும் ஒரே பெட்டியின் பிள்ளைகள், அந்நியமாக ஓடியது உங்கள் இன்டர்ஃபேஸ் மட்டுமே. எல்லாத் தடங்களையும் ஒன்றாகச் சேர்த்து 1.0000133 மடங்கு வேகத்துக்கு மாற்றுங்கள். சுருதியை மாறாமல் காக்கும் தேர்வை அணைத்துவிடுங்கள். அது தேவையின்றி ஒலியை அறுத்து ஒட்டும். சுருதி உயர்வது ஒரு சென்ட்டில் (அரைச்சுர இடைவெளியில் நூறில் ஒரு பங்கு) நாற்பதில் ஒரு பங்கு. பாடகருக்கே தெரியாது.

பழையடேப்:

அடுத்த முறைக்கு: ஆம்பியன்ட் லாக்கிட் போன்ற பெட்டிகள் டைம்கோடுடன் வேர்ட் கிளாக்கும் தரும். அதை பி.என்.சி. முனை கொண்ட கேபிளில் இன்டர்ஃபேஸுக்குக் கொடுத்து, கிளாக் மூலத்தை வெளியிலிருந்து என்று மாற்றி, பூட்டு விளக்கு எரிகிறதா என்று பார்த்த பிறகே பதிவைத் தொடங்குங்கள். கேபிள் 75 ஓம் ஆக இருக்கட்டும், பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் 50 ஓம் கேபிள் வேண்டாம். சங்கிலியின் கடைசிக் கருவியில் மட்டும் 75 ஓம் டெர்மினேஷன் (சிக்னல் திரும்பி எதிரொலிக்காமல் தடுக்கும் மின்தடை) இருக்க வேண்டும்.

இன்னொன்று, எல்.டி.சி.யைத் தம்புரா மைக்குக்குப் பக்கத்து உள்ளீட்டில் உரத்த அளவில் விடாதீர்கள். அந்தக் கிறீச்சொலி ஒழுகி வந்தால், ஆலாபனையின் மௌனங்களில் அது மட்டுமே கேட்கும். நான் ஒருமுறை பட்டிருக்கிறேன்.

தம்புராத்தந்தி:

மிக்க நன்றி. வேகத்தை மாற்றியதும் மங்களம்வரை பொருந்துகிறது. என் இன்டர்ஃபேஸில் பி.என்.சி. இல்லை, எஸ்பிடிஃப் என்னும் டிஜிட்டல் ஒலி உள்ளீடு மட்டுமே இருக்கிறது. அதன் வழியாகக் கிளாக் வாங்கலாமா?

பழையடேப்:

வாங்கலாம். எஸ்பிடிஃப் சிக்னலுக்குள்ளேயே கிளாக் அடங்கியிருக்கிறது. வேர்ட் கிளாக்கில் பூட்டிக்கொண்டு எஸ்பிடிஃப் வெளியிடும் ஏதேனும் ஒரு கருவியை இடையில் வைத்து, இன்டர்ஃபேஸின் கிளாக் மூலத்தை எஸ்பிடிஃப் ஆக்குங்கள். அதில் ஒலி எதுவும் வர வேண்டியதில்லை.