மாத்திரையை நிறுத்திவிட்டுத் தம்பிக்குத் திருமணம் செய்யலாமா?

கேள்வி: குடியாத்தத்துப் பெண்

அனைவருக்கும் வணக்கம். என் தம்பிக்கு 24 வயது. கைத்தறி நெசவு செய்கிறான். சென்ற ஆண்டு ஒரு நாள், தறிச் சத்தத்துக்குள் இரண்டு பேர் தன்னை ஏசுவதாகச் சொல்லி, பாதி நெய்த கைலியை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனான். மந்திரிப்பதிலும் தாயத்துக் கட்டுவதிலும் மூன்று மாதம் கழிந்த பிறகே மனநல மருத்துவரிடம் சென்றோம். மனச்சிதைவு நோய் என்றார். எட்டு மாதமாக மாத்திரை சாப்பிடுகிறான். குரல்கள் நின்றுவிட்டன, மீண்டும் தறியில் உட்காருகிறான். இப்போது பெரியப்பா, ஒரு கால்கட்டுப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும், பெண் வீட்டாருக்குத் தெரியாமலிருக்க மாத்திரையை உடனே நிறுத்த வேண்டும் என்றும் வற்புறுத்துகிறார். கெங்கையம்மன் சிரசுத் திருவிழா முடிந்ததும் பெண் பார்க்கப் போவதாகப் பேச்சு. வீட்டில் நான் ஒருத்திதான் மறுக்கிறேன். பெரியவர்களுக்கு எப்படிப் புரிய வைப்பது?

பதில்: காட்பாடி அக்கா

தங்கையே, இதே பேச்சை நம்பித்தான் என் அண்ணனுக்கு மணம் முடித்தோம். மாத்திரையை நிறுத்திய பின் இரண்டு மாதம் அவர் நன்றாகவே இருந்தார். அந்த இரண்டு மாதம்தான் எங்களை ஏமாற்றியது. பிறகு இரவில் தூக்கம் போயிற்று. எவரோ விஷம் வைத்திருப்பதாகச் சொல்லி அண்ணி பரிமாறிய சோற்றைத் தொட மறுத்தார். வந்து நாற்பது நாள்கூட ஆகாத அந்தப் பெண், தட்டிலிருந்து முதல் கவளத்தைத் தான் உண்டு காட்டிவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அவளிடம் நாங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும்.

பதில்: ஓய்வுபெற்ற செவிலியர், ராணிப்பேட்டை

ஆண்களுக்கு இந்நோய் பெரும்பாலும் பதின்பருவ இறுதியிலும் இருபதுகளிலும் தொடங்குகிறது. நம் வீடுகளில் கல்யாணப் பேச்சு எழுவதும் அதே வயதில்தான் என்பதால், திருமணம் ஆகாததுதான் நோய்க்குக் காரணம் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. நோய் தானாகவே கூடிக் குறையும் இயல்புடையது. குறைந்த சமயத்தில் தாலி ஏறினால் பெருமை தாலிக்குப் போய்விடுகிறது.

தம்பி இன்று தறியில் உட்காருவது மாத்திரையின் பலனால். மருந்தின் காப்பு விலகியபின் நோய் திரும்பச் சில வாரமோ சில மாதமோ ஆகலாம் என்பதால், நிறுத்தியும் நன்றாக இருக்கிறானே என்ற நம்பிக்கை பிறக்கிறது. இந்த மாத்திரைகள் போதை தருபவை என்று சிலர் சொல்வதும் தவறு. தூக்க மாத்திரைகள் சிலவற்றுக்குப் பழகிவிடும் குணம் உண்டு. மனச்சிதைவுக்குத் தரும் மருந்துகளுக்கு அது கிடையாது. கை நடுக்கம், உடல் எடை கூடுதல், மந்தம் ஆகியவை வரலாம்; வந்தால் மருத்துவரிடம் சொல்லி அளவையோ மருந்தையோ மாற்றிக்கொள்ளலாம்.

இந்நோய் உள்ளவர் திருமணமே செய்யக் கூடாது என்பதும் மூடக் கருத்தே. நிலை சீரான பின், உண்மையைச் சொல்லி, சிகிச்சையைத் தொடர்ந்தபடி மணந்து வாழ்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். மறைத்துச் செய்த மணத்தை, இந்து திருமணச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, ஏமாற்றிச் சம்மதம் பெற்றதாகச் சொல்லி ரத்துச் செய்யக் கோர முடியும் என்பதையும் பெரியப்பாவிடம் சொல்லுங்கள்.

அவரை அடுத்த முறை மருத்துவரிடமே அழைத்துச் செல்லுங்கள். நம் வேலூர் பாகாயம் மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கும் வழக்கம் பல்லாண்டுகளாக இருக்கிறது. வீட்டார் நோயைப் புரிந்துகொள்வதும் சிகிச்சையின் பகுதிதான். அதற்குள் எவரிடமாவது பேச வேண்டுமெனில், அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம்.

பதில்: வாலாஜா ஆசிரியர்

மகளே, பெரியப்பாவின் எண்ணம் தெரிகிறது, உன் எண்ணமும் தெரிகிறது. தம்பியின் எண்ணம் என்ன என்று இவ்வளவு நீண்ட கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே. மனநோய் வந்தவருக்குத் தன்னைப் பற்றி முடிவெடுக்கத் தெரியாது என்று வீட்டாரே எண்ணிவிடுவதுதான் எனக்குப் பெரிய வருத்தம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம்கூட, தன் சிகிச்சையைப் பற்றி முடிவு செய்யும் உரிமையை நோயாளிக்கே முதலில் தருகிறது. அவனிடம் கேட்டாயா?

கேள்வி கேட்டவர்:

ஐயா, உண்மையில் நான் கேட்கவில்லை. இன்று மாலை அவன் நாடாவில் நூல் மாற்றிக்கொண்டிருந்தபோது அருகில் உட்கார்ந்து கேட்டேன். சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "மாத்திரையை நிறுத்தினால் தறியில் மறுபடியும் அவர்கள் பேசுவார்களோ என்று பயமாக இருக்கிறது அக்கா, கல்யாணம் அப்புறம் பார்க்கலாம்" என்றான். செவ்வாய்க்கிழமை மருத்துவரைப் பார்க்கப் பெரியப்பாவும் எங்களோடு வருகிறார்.