ஜோகன்னஸ்பர்க் குளிரில் பைக்: புதிதாக வந்தவர்களுக்கு

கேள்வி:

அண்ணே, வணக்கம். தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க் பக்கம் மிட்ராண்டுக்கு வந்து ஏழு வாரம் ஆகிறது. சொந்த ஊர் திருச்சி. ஆபீஸ் சாண்ட்டன் பக்கம். கார் வாங்கும் அளவுக்கு இன்னும் காசு சேரவில்லை, செகண்ட் ஹேண்டில் ஒரு 150 சிசி பைக் எடுத்திருக்கிறேன். இந்த வாரம் காலையில் ஆறரைக்குக் கிளம்பினால், போய்ச் சேர்வதற்குள் விரல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. மத்தியானம் பார்த்தால் நல்ல வெயில், சட்டையோடு நிற்கலாம். விஷயத்தைச் சொன்னதும் அம்மா குரங்குக் குல்லா பார்சல் அனுப்பட்டுமா என்கிறார். ஆகஸ்ட்டில் டர்பன் வரை பைக்கிலேயே போய் வரலாம் என்று ஓர் ஆசையும் இருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பதில்:

தம்பி, முதலில் அம்மாவிடம் குரங்குக் குல்லா வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஏன் என்பதைக் கீழே எழுதுகிறேன்.

ஆப்பிரிக்கா என்றால் சூடு என்று நினைத்துத்தான் நாம் எல்லோரும் வந்து இறங்குகிறோம். ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம், ஏற்காட்டை விட மேலே. மாதக் கணக்கும் நமக்குத் தலைகீழ். மார்கழியில் வியர்த்துக் கொட்டும், ஆனியிலும் ஆடியிலும் புல்வெளி காலையில் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துக் கிடக்கும். ஜூலையில் சராசரியாக மதியம் 17 டிகிரி, விடியற்காலை 4 டிகிரி. அது சராசரிதான். பள்ளமான இடங்களிலும் ஓடைக் கரைகளிலும் பூஜ்யத்துக்குக் கீழே போவது சாதாரணம், ஏனென்றால் குளிர்ந்த காற்று கனமானது, இரவெல்லாம் இறங்கிப் பள்ளத்தில் தேங்கிவிடும். ஒரே சாலையில் மேட்டிலிருந்து பாலத்துக்கு இறங்கும்போது சட்டென்று யாரோ ஃப்ரிட்ஜைத் திறந்த மாதிரி இருக்கும், கவனித்திருப்பீர்கள்.

இந்த ஊர்க் குளிர் ஏமாற்றுக் குளிர். மத்தியான வெயிலைப் பார்த்துத்தான் எல்லோரும் துணி வாங்குகிறார்கள். போதாக்குறைக்கு இங்கே வீடுகளிலும் பெரும்பாலும் ஹீட்டிங் கிடையாது, ஒரு கேஸ் ஹீட்டரைச் சுற்றிக் குடும்பமே உட்கார்ந்திருக்கும். ஆக, பைக்கில் ஏறும்போதே உடம்பு பாதி குளிர்ந்துதான் இருக்கிறது.

இப்போது காற்றுக்கு வருவோம். பூஜ்யம் டிகிரியில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் திறந்த தோலுக்கு அது மைனஸ் 9 மாதிரி. 100-ல் போனால் மைனஸ் 11 மாதிரி. இரண்டுக்கும் எவ்வளவு குறைந்த வித்தியாசம் பாருங்கள். குளிருகிறதே என்று வேகத்தைக் குறைத்து ஓட்டிப் பெரிய பிரயோஜனம் இல்லை, சாலையில் இன்னும் அதிக நேரம் நடுங்குவதுதான் மிச்சம். காற்று உள்ளே வராமல் அடைப்பதுதான் வேலை. நாலு ஸ்வெட்டர் போட்டாலும் மேலே காற்றுப் புகாத ஒரு மேலுறை இல்லையென்றால் நாலும் வலைதான்.

இதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்லிவிடுகிறேன். இங்கே என் முதல் ஆடி மாதம். டர்பன் பக்கம் நம்மவர்கள் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள், 1860-ல் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் அவர்கள் பிள்ளைகளும், தமிழ் பேச வராவிட்டாலும் கூழை விடவில்லை என்று கேள்விப்பட்டு, ஜோகன்னஸ்பர்க்கின் தென்பக்கம் இருக்கும் லெனேஷியாவிலிருந்து அதிகாலை நாலரைக்கு 250 சிசி வண்டியில் கிளம்பினேன். ஹைடல்பர்க் தாண்டும்வரை பாட்டு முணுமுணுத்துக்கொண்டுதான் போனேன். வில்லியர்ஸ் ஊருக்கு முன்னால், டர்பன் போகும் என்3 நெடுஞ்சாலை வால் ஆற்றைக் கடக்கிறது. அந்தப் பள்ளத்தில் இறங்கியதோடு விரல் போயிற்று. வலிக்கும்போதெல்லாம் பயமில்லை தம்பி. வலி நின்றதும் "சரி, பழகிவிட்டது" என்று நினைத்தேன் பாருங்கள், அதுதான் முட்டாள்தனம்.

பெட்ரோல் பங்கில் திரும்பியபோது முன் பிரேக்கைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. கால் பிரேக்கில் எப்படியோ நிறுத்தினேன். ஸ்டாண்டைச் சரியாகத் தள்ளாமல் இறங்கியதில் வண்டி என் மேலேயே சாய்ந்தது. ஹெல்மெட் வாரை அவிழ்க்க முடியவில்லை. இரண்டு வளையத்துக்குள் போய் வரும் சாதாரண வார்தான், பச்சைக் குழந்தை மாதிரி நின்றேன். பெட்ரோல் போடும் பெரியவர் ஒருவர் ஒன்றும் பேசாமல் வந்து மோவாயைத் தூக்கி, வாரை அவிழ்த்துவிட்டார். நானோ அவசரத்தில் கையைக் கொண்டுபோய் சைலன்சரில் வைத்தேன். நாற்றம் வந்த பிறகுதான் கிளவுஸ் உள்ளங்கை உருகுகிறது என்று தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை. மரத்த கையை ஒருநாளும் சூடான இரும்பில் வைக்காதீர்கள். அக்குளில் வையுங்கள்.

அந்தப் பெரியவர் முந்தைய நாள் செய்தித்தாளைக் கொண்டுவந்து என் ஜாக்கெட்டுக்குள் நெஞ்சோடு சேர்த்துச் செருகினார். பத்து நிமிடத்தில் விரலில் ஊசி குத்த ஆரம்பித்தது. காகிதம் நெஞ்சில், குணம் விரலில். உடம்பின் நடுப்பகுதி குளிர்ந்தால், இதயத்தையும் மற்ற உறுப்புகளையும் காப்பாற்ற உடம்பு முதலில் விரல்களுக்குப் போகும் ரத்தத்தைத்தான் சுருக்கும். அதனால் எவ்வளவு விலை உயர்ந்த கிளவுஸ் போட்டாலும் நெஞ்சும் கழுத்தும் குளிர்ந்தால் விரல் மரக்கும்.

சரி, என்ன உடுத்துவது? தோலை ஒட்டி மெல்லிய தெர்மல், கம்பளி அல்லது பாலியஸ்டர். பருத்தி பனியன் வேண்டவே வேண்டாம், வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு பிறகு ஐஸ் ஒத்தடம் கொடுக்கும். அதற்கு மேல் ஃப்ளீஸ் (மெத்தென்ற செயற்கை இழை ஸ்வெட்டர்). அதற்கு மேல் பைக் ஜாக்கெட். அதிலும் காற்றுப் புகுந்தால் மேலே சாதாரண ரெயின் கோட். கேப் யூனியன் மார்ட் மாதிரிக் கடைகளில் குளிர்கால முடிவில் தள்ளுபடி போடுவார்கள், ஆனால் நீங்கள் ஆகஸ்ட் வரை தாங்க வேண்டுமே, தெர்மல் மட்டுமாவது இப்போதே வாங்குங்கள். கழுத்துக்குக் குழாய் மாதிரியான துணி ஒன்று போதும். கால்சட்டைக்கு மேலே இன்னொரு காற்றுத் தடுப்புக் கால்சட்டை. காலுக்குக் கம்பளி சாக்ஸ், ஆனால் ஷூவில் விரல் அசைய இடம் வேண்டும். இறுக்கினால் ரத்த ஓட்டம் நின்று இன்னும் மோசம்.

கைக்கு என் தீர்ப்பு: கிளவுஸில் காசைக் கொட்டாமல் ஹேண்டில்பாருக்கு உறை போடுங்கள். ஜோகன்னஸ்பர்க் முழுக்க மளிகை டெலிவரி செய்யும் பையன்களைப் பாருங்கள். நம்மூர் பஜாஜ், ஹீரோ வண்டிகளும் அதில் நிறைய. நாளெல்லாம் ரோட்டில் இருப்பவர்கள் அவர்கள்தான், ஹேண்டில்பாரில் கட்டியிருக்கும் அந்த அவலட்சணமான உறைதான் அவர்கள் விரலைக் காப்பாற்றுகிறது. பார்க்க நன்றாக இராது. இருக்கட்டும்.

குரங்குக் குல்லா விஷயம். ஹெல்மெட் உங்கள் தலை அளவுக்கு இறுக்கமாக உட்கார வேண்டியது. உள்ளே தடிக் கம்பளியைத் திணித்தால் ஒன்று ஹெல்மெட் சரியாக இறங்காது, இல்லையென்றால் ஒரு மாதத்தில் உள் மெத்தை நசுங்கி, குல்லா இல்லாத நாளில் லொடலொடவென்று ஆடும். மூச்சுக்காற்று வேறு கம்பளியில் பட்டு கண்ணாடியில் ஏறும். ஹெல்மெட்டுக்குள் போடுவதற்கென்றே மெல்லிய துணியில் வரும் குல்லா உண்டு, பாலகிளாவா என்பார்கள், கனமே இராது, அதைப் போடுங்கள். கண்ணாடியில் ஆவி படியாமல் இருக்க உள்பக்கம் ஒட்டும் பின்லாக் வில்லை உண்டு. உங்கள் ஹெல்மெட்டுக்குப் பொருந்தவில்லை என்றால் பாத்திரம் தேய்க்கும் சோப்பு ஒரு துளி தடவி, காய்ந்ததும் மெல்லிய துணியால் துடைத்துவிடுங்கள். இரண்டு நாள் தாங்கும்.

சாலையில் பனிக்கட்டி உண்டா என்றால், உண்டு, ஆனால் நீங்கள் நினைக்கும் இடத்தில் இல்லை. குளிர்காலத்தில் இங்கே மழை இல்லை, ரோடு காய்ந்து கிடக்கும். அதனால்தான் ஆபத்து. ஆபீஸ் வளாகத் தோட்டத்துத் தண்ணீர்த் தெளிப்பான் ரோட்டில் விழுந்து உறைந்திருக்கும். உடைந்த குடிநீர்க் குழாய் இரவெல்லாம் ஓடி, ரோபோவுக்குப் பக்கத்தில் (சிக்னலுக்கு இங்கே அதுதான் பெயர்) கண்ணுக்குத் தெரியாத ஒரு படலமாக நிற்கும். தார் சும்மா ஈரமாக இருக்கிற மாதிரிதான் தெரியும். காலையில் எட்டு மணிக்கு முன்னால் ஈரம் தெரிந்தால் அது பனிக்கட்டி என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் ஏறிவிட்டால் பிரேக் தொடாதீர்கள், வண்டியைச் சாய்க்காதீர்கள், ஆக்சிலேட்டரை மாற்றாமல் நேராகக் கடந்துவிடுங்கள்.

இன்னொன்று, இதுதான் மற்ற எல்லாவற்றையும் விட முக்கியம். ஜூனில் சூரியன் ஏழு மணிக்குச் சற்று முன்னால்தான் உதிக்கிறது. விடியும் நேரமே இரவின் மிகக் குளிர்ந்த நேரம், நீங்கள் கிளம்புவது சரியாக அப்போது! மேலாளரிடம் பேசி ஒன்பதரைக்கு வருகிறேன் என்று கேளுங்கள். எட்டரைக்குக் கிளம்பினால் நீங்கள் வாங்கப்போகும் பாதித் துணி தேவைப்படாது.

டர்பன் பற்றி: 150 சிசி-யில் வேண்டாம் என்பது என் கருத்து. 570 கிலோமீட்டர், நிலக்கரி லாரியும் கன்டெய்னர் லாரியும் வரிசை கட்டிப் போகும் சாலை. பிடிவாதமாகப் போவதென்றால் காலை ஒன்பதுக்கு முன் கிளம்பாதீர்கள், மணிக்கு ஒருமுறை பெரிய பெட்ரோல் பங்கில் இறங்கி ஏதாவது சூடாகக் குடியுங்கள். தனியான சாலையோரத்தில் நிற்க வேண்டாம், வழிப்பறி பயம் உண்டு. புல்வெளி எரியும் காலம் அது, புகை ரோட்டைக் கடந்தால் அதற்குள் நுழையாதீர்கள். கேப் பக்கம் குளிர் அலை, டிராகன்ஸ்பர்க் மலையில் பனி என்று வானிலைச் செய்தி சொன்னால் பயணத்தை ஒத்திப்போடுங்கள். 2024 செப்டம்பரில், குளிர்காலம் முடிந்தது என்று எல்லோரும் நினைத்த நேரத்தில், ஹாரிஸ்மித்துக்கும் வான் ரீனன் கணவாய்க்கும் இடையே பனி கொட்டி என்3 மூடப்பட்டது, வண்டிகள் இரவெல்லாம் அங்கேயே நின்றன. ஜோகன்னஸ்பர்க்கிலேயே 2012 ஆகஸ்ட்டிலும் 2023 ஜூலையிலும் பனி விழுந்திருக்கிறது.

வழியில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரும். 1893 ஜூன் 7-ஆம் தேதி இரவு காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட ஸ்டேஷன் அங்கேதான். அவமானத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம், அன்றைய குளிரைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். ஓவர்கோட் பெட்டியில் இருந்தது, கேட்டால் மறுபடி அவமானப்படுத்துவார்களோ என்று கேட்காமலே உட்கார்ந்து நடுங்கினாராம். உங்களுக்கு அந்தச் சங்கடம் இல்லை. ஃப்ளீஸைப் பையில் வைத்துக்கொண்டு "குளிர்ந்தால் போட்டுக்கொள்ளலாம்" என்று கிளம்பாதீர்கள். போட்டுக்கொண்டே கிளம்புங்கள். வான் ரீனன் இறங்கியதும் ஒவ்வொன்றாகக் கழற்றலாம், டர்பனில் ஆகஸ்ட்டில் பகலில் 22, 23 டிகிரி இருக்கும்.

இன்னொரு பதில்:

அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். நான் பெனோனியில் நர்ஸ். தம்பி, நடுக்கம் இருக்கும்வரை உடம்பு போராடுகிறது என்று அர்த்தம். நடுக்கம் தானாக நின்று, பேச்சு குழறி, தூக்கம் வருகிற மாதிரி இருந்தால் உடம்புச் சூடு 35 டிகிரிக்குக் கீழே நன்றாக இறங்கிவிட்டது. அந்த நிலையில் ஓட்டுகிறவருக்குத் தான் தடுமாறுவது தெரியாது, "இன்னும் இருபது கிலோமீட்டர்தானே" என்று தோன்றும். எனவே இரண்டு பேராகப் போங்கள், நிறுத்தும்போதெல்லாம் ஒருவர் மற்றவரைப் பேசவைத்துப் பாருங்கள். யாராவது பிராந்தி ஒரு மடக்கு குடி என்றால் கேட்காதீர்கள். குடித்ததும் சூடாகத் தோன்றும், உண்மையில் தோலுக்கு ரத்தம் ஏறி உள்சூடு வெளியே போய்விடும். மரத்த விரலைப் பரபரவென்று தேய்க்கவும் கூடாது.

கேட்டவர்:

அண்ணே, அக்கா, ரொம்ப நன்றி. மேலாளரிடம் பேசினேன், ஒன்பதரைக்குச் சம்மதித்துவிட்டார். தெர்மல் வாங்கியாயிற்று. ஒரே ஒரு சந்தேகம், காலையில் வண்டி ஸ்டார்ட் ஆக அழுகிறது. பேட்டரி மாற்ற வேண்டுமா?

பதில்:

அவசரப்பட்டு மாற்றாதீர்கள். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நல்ல பேட்டரிக்கே ஐந்தில் ஒரு பங்கு சக்தி குறையும். முன்னால் வைத்திருந்தவர் என்ன ஆயில் ஊற்றினார் என்று கேளுங்கள். 20 டபிள்யூ 50 என்ற கெட்டி ரகம் என்றால் காலையில் அது விளக்கெண்ணெய் மாதிரி நிற்கும். வண்டிப் புத்தகத்தில் அதைவிட இளகிய 10 டபிள்யூ 40 ரகத்தை அனுமதித்திருந்தால் மாற்றுங்கள். கார்புரேட்டர் வண்டி என்றால் சோக்கை முழுக்க இழுத்து, கிக்கர் இருந்தால் சாவி போடாமல் நாலைந்து தடவை மிதித்துவிட்டு, பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். இரவில் சுவரோரமாக நிறுத்தி மூடி வையுங்கள்.

டயர் காற்றையும் பார்த்துவிடுங்கள். மத்தியானம் வெயிலில் சரியாக அடித்த டயர், மறுநாள் விடியலில் மூன்று பி.எஸ்.ஐ வரை குறைந்திருக்கும். காலையில், வண்டி ஓடுவதற்கு முன்னால் அளக்க வேண்டும். முதல் ஐந்தாறு கிலோமீட்டருக்கு ரப்பர் சூடாகி இராது, பிடிமானம் குறைவு, வளைவில் அவசரப்படாதீர்கள். ஹேண்டில்பார் உறை ஃபோர்ட்ஸ்பர்க் பக்கம் பைக் சாமான் கடைகளில் கேட்டுப் பாருங்கள். மாட்டிய பிறகு ஹார்ன், இண்டிகேட்டர், பிரேக் மூன்றும் உறைக்குள் கைக்கு எட்டுகிறதா என்று வண்டியை நிறுத்தி வைத்தே நாலு தடவை பழகிவிட்டு ரோட்டுக்கு எடுங்கள்.