அம்மிச்சிக்கு ஏ.எஃப்: அசிட்ரோமை நிறுத்திட்டு அபிக்ஸபான் போடலாமுங்களா?

கோபி_வாய்க்கால்
வணக்கமுங்க. அம்மிச்சிக்கு 72 வயசு, 48 கிலோ. பிரஷர் இருக்கு, சர்க்கரை இல்லை. ஈசிஜியில ஏ.எஃப் (ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், இதயம் தாறுமாறாத் துடிக்கறது)-ங்கறாங்க. எக்கோவுல மைட்ரல் வால்வு சுருக்கம், 'மாடரேட்'னு இருக்கு. மெட்டோப்ரோலாலும், ரத்தம் உறையாம இருக்க அசிட்ரோமும் ஓடுது. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகுதுன்னு காட்டற ஐஎன்ஆர் டெஸ்ட்டை மாசாமாசம் பார்க்கக் கோயமுத்தூர் போய்வர முடியறதில்லைங்க. அதே வேலைக்கான புது மாத்திரை அபிக்ஸபானுக்கு ரத்தமே குத்த வேண்டாம்னு ஒறம்பரையில ஒருத்தர் சொல்றார். மாத்தலாமுங்களா? கீரையத் தொடவே கூடாதுங்களா? வீட்டு பிபி மெஷினும் ஒவ்வொரு தடவை ஒண்ணு காட்டுது.

ஈரோடு_மருந்துக்கடை
மாத்தாதீங்க. அந்த எக்கோ வரிதான் காரணம். மைட்ரல் வால்வு மிதமாவோ அதுக்கு மேலயோ சுருங்கியிருந்தா, அசிட்ரோம், வார்ஃபரின் வகைதான். 24 நாடுகள்ல ருமாட்டிக் இதய நோயும் (ருமாட்டிக் காய்ச்சலால வால்வு கெடறது) ஏ.எஃப்பும் சேர்ந்த 4,500-க்கு மேற்பட்டவங்களை வெச்சு நடந்த இன்விக்டஸ் ஆய்வுல (2022), அபிக்ஸபான் வகையைச் சேர்ந்த ரிவராக்ஸபான் எடுத்தவங்களை விட இந்தப் பழைய வகை எடுத்தவங்கதான் குறைவா இறந்தாங்க. இவங்களுக்கு வயசு, பிரஷர், சர்க்கரைக்கெல்லாம் மார்க் போட்டு மாத்திரை வேணுமான்னு பார்க்கற ஸ்கோர் கணக்கெல்லாம் வேண்டாம். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை கட்டாயம்.

ஐஎன்ஆருக்குக் கோயமுத்தூர் எதுக்குங்க? கோபியிலயே நல்ல லேப் ஒண்ணைப் பிடிச்சு எப்பவும் அங்கயே பாருங்க, ரிசல்ட்டை டாக்டருக்குப் போன்ல அனுப்பலாமான்னு கேட்டுக்குங்க. இலக்கு 2-லிருந்து 3. மாத்திரையைச் சாயங்காலம் வெச்சுக்கிட்டா, காலையில ரத்தம் குடுத்து அன்னிக்கே டோஸ் மாத்திக்கலாம். ஒரு வேளை மறந்தா அன்னிக்குள்ள போடலாம். மறுநாள் ரெண்டாப் போடக் கூடாது.

கீரைக் கடைசலை நிறுத்த வேண்டாம். வாரம் ரெண்டு நாள்னா எல்லா வாரமும் ரெண்டு நாள், ஏறக்குறைய அதே அளவு. திடீர்னு தினமும் முருங்கைக்கீரைன்னா ஐஎன்ஆர் இறங்கும், அடியோட நிறுத்தினா ஏறும்.

(வால்வு நல்லா இருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை: ஒல்லியா இருக்காங்கன்னு மட்டும் அபிக்ஸபானை 2.5 மி.கி. ஆக்கறது தப்பு. வயசு 80-ஓ மேலயோ, எடை 60 கிலோவோ குறைவோ, சிறுநீரக டெஸ்ட்டான கிரியாட்டினின் 1.5-ஓ மேலயோ; இந்த மூணுல ரெண்டு இருந்தாத்தான். இல்லைன்னா 5 மி.கி. ரெண்டு வேளை.)

ஈசிஜி_பெருந்துறை
மெஷின் மேல குத்தமில்லைங்க. ஏ.எஃப்-ல ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் நிரம்பற நேரம் மாறும், பிரஷரும் அப்படியே மாறும். அஞ்சு நிமிசம் உக்கார வெச்சு, ஒரு நிமிச இடைவெளியில மூணு தடவை பார்த்துச் சராசரி எடுங்க. நாடியை 15 விநாடி எண்ணி நாலால பெருக்கறது இங்க சரிவராது, முழுசா 60 விநாடி எண்ணணும். அதுலயும் சில துடிப்பு மணிக்கட்டு வரைக்கும் வராது. நெஞ்சுல ஸ்டெத்தோஸ்கோப் வெச்சு எண்ணினா கூடுதலா இருக்கும், அதுதான் சரி. வால்வு சுருங்கினவங்களுக்கு வேகம் கூடினா ரத்தம் இறங்க நேரமில்லாம நுரையீரல்ல தேங்கி மூச்சு வாங்கும். அதுக்குத்தான் மெட்டோப்ரோலால். அது ரத்தக்கட்டியைத் தடுக்காது. ஒண்ணு இருக்கறதால இன்னொண்ணை விடக் கூடாது. தைராய்டு கூடினாலும் ஏ.எஃப் வரும், அதைப் பார்த்தீங்களா? தைராய்டுக்கான டிஎஸ்ஹெச் ரத்த டெஸ்ட் ஒரு தடவை பார்க்கணும்.

கோபி_வாய்க்கால்
தைராய்டு பார்க்கலைங்க, பார்த்தறோம். முட்டி வலிக்கு டைக்ளோஃபெனாக் போடறாங்களே?

ஈரோடு_மருந்துக்கடை
உடனே டாக்டர்கிட்டச் சொல்லி நிறுத்துங்க, அசிட்ரோமோட சேர்ந்தா வயித்துல ரத்தக்கசிவு வரலாம். பாராசிட்டமால் அளவாப் போடலாம், தினமும் வேணும்னா ஐஎன்ஆரைச் சீக்கிரமாப் பாருங்க. மெட்ரோனிடசோல்ங்கற ஆன்டிபயாட்டிக் எழுதினாலும் அசிட்ரோம் ஓடறதைச் சொல்லுங்க, ஐஎன்ஆர் சட்டுன்னு ஏறும். மலம் தார் மாதிரி கருப்பாப் போனாலோ, தலையில அடிபட்டாலோ அன்னிக்கே ஆஸ்பத்திரி.

வாய் கோணினா, ஒரு கை விழுந்தா, பேச்சு குழறினா பக்கவாதமா இருக்கலாம், உடனே 108. கட்டி கரைக்கற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாகணும், அதனால சி.டி. ஸ்கேன் இருக்கற ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு சீக்கிரம் போயாகணும், எதுன்னு இப்பவே பார்த்து வெச்சுக்குங்க. ஐஎன்ஆர் 1.7-க்கு மேல இருந்தா அந்த ஊசியைப் பொதுவாப் போட மாட்டாங்க. அதனால ஐஎன்ஆர் நோட்டும், கடைசி மாத்திரை போட்ட நேரமும் கையில இருக்கோணும்.