கலைச்சொல் தேவை: ‘சேர்ன் றேற்’ (வெள்ளிக்கு முன்)

திருநெல்வேலியிலிருந்து:
வணக்கம். சிறு முயற்சியாளர் கைந்நூலின் வளர்ச்சி அத்தியாயம் வெள்ளி அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்தான் தடை. மாதத் தொடக்கத்தில் 400 சந்தாதாரர், முடிவில் அவர்களில் 20 பேர் இல்லை, 5%. இப்படி விட்டுப்போகும் வாடிக்கையாளரின் வீதமே சேர்ன் றேற் (churn rate). இடையில் சேர்ந்தவர்களையும் பகுதியெண்ணில் கூட்டினால் ஓட்டை சிறிதாகத் தெரியும். ‘சேர்ன்’ என்றே விட்டால் ‘சேர்’ என்று காதில் விழுகிறது, பொருளோ நேரெதிர். ‘கழிவு வீதம்’ பொருந்துமா?

கொக்குவிலிலிருந்து:
கழிவு வேண்டாம். கணக்கீடு படித்த பிள்ளைக்கு அது வியாபாரக் கழிவு, காசுக் கழிவு, அதாவது விலைத் தள்ளுபடி. ‘விலகல்’ புள்ளிவிபரவியலின் நியம விலகலோடு (standard deviation) முட்டும். ‘தேய்வு’ சொத்தின் மதிப்புக் குறைவதைச் சொல்லும் பெறுமானத் தேய்வோடு. என் தெரிவு ‘உதிர்வு வீதம்’.

சுன்னாகத்திலிருந்து:
ஆங்கில மூலம் தயிர் கடைதல். நாங்கள் அதைப் பிடிக்கத் தேவையில்லை. கடைந்தால் வெண்ணெய் திரளும், இங்கே திரள்வது ஒன்றுமில்லை. தொல்காப்பிய உரியியலில் தீர்தலுக்கும் தீர்த்தலுக்கும் விடுதல் என்றே பொருள். வற்றிய குளத்துப் பறவையைச் சொல்லும் மூதுரை வெண்பாவிலும் ‘தீர்வார்’ என்றே வரும். வாடிக்கையாளர் போவதும் அப்படித்தான். ‘தீர்வு வீதம்’ என்போம். தன்வினை பிறவினை இரண்டும் கிடைக்கும்.

கொக்குவிலிலிருந்து:
ஐயா, இலக்கணம் சரி. ஆனால் இன்று தீர்வு என்றால் பிரச்சினைக்கு விடை. ‘தீர்வு வீதம் கூடிவிட்டது’ என்று வாசிக்கும் கடைக்காரர் மகிழ்ந்துபோவார்.

நல்லூரிலிருந்து:
சொல் எதுவானாலும் இரண்டு விடயம் விளக்கத்தில் வரவேண்டும். மாதம் 5% என்றால் ஆண்டுக்கு 60% அல்ல. ஒவ்வொரு மாதமும் மிஞ்சியவர்களில்தான் 5% போகிறது. 12 மாதம் கழித்து 54% மிஞ்சும், 46% போயிருக்கும். அடுத்தது, மாதம் 20 புதியவர்களை மட்டும் கொண்டுவரும் நிறுவனம் இந்த வீதத்தில் 400ஐத் தாண்டாது. விளம்பரச் செலவைக் கூட்டுவது ஓட்டைப் பட்டையால் துலா இறைப்பதுதான். மனம் மாறிப் போனவரையும், வங்கி அட்டை காலாவதியாகிக் கட்டணம் தவறியவரையும் பிரித்து எண்ணவேண்டும். பின்னவருக்கு ஒரு நினைவூட்டல் போதும். முன்னவருக்குப் பண்டத்தையே திருத்தவேண்டும்.

சுன்னாகத்திலிருந்து:
அதனால்தான் ‘உதிர்வு’ எனக்கு உறுத்துகிறது. பழுத்த இலை தானே உதிரும், மரத்தில் பிழையில்லை. இங்கே பிழை பெரும்பாலும் மரத்தில். சொல்லே பழியை மறைக்கக் கூடாது.

கோவையிலிருந்து:
இங்கே ‘வீதம்’ என்றால் பலர் சதவீதம் என்றே எடுப்பார்கள். ‘விகிதம்’?

திருநெல்வேலியிலிருந்து:
எங்கள் இலங்கைப் பாடநூல்களில் விகிதம் (ratio) வேறு, வீதம் (rate) வேறு. மாற்ற இயலாது. உதிர்வுக்கு மூவர், தீர்வுக்கு ஒருவர். ‘வாடிக்கையாளர் உதிர்வு வீதம்’ என்று போடுகிறேன். நல்லூரின் இரு கணக்குகளும் பெட்டிச் செய்தியாக வரும்.

சுன்னாகத்திலிருந்து:
அச்சுக்குக் கொடுங்கள். சொல்லடைவில் ‘தீர்வு’க்கும் ஒரு வரி விடுங்கள். கட்டணம் தவறியவரை ‘உதிர்ந்தவர்’ என்பதா ‘உதிர்க்கப்பட்டவர்’ என்பதா, அதையும் யாராவது சொல்லவேண்டும்.