தரம் 2 புள்ளைகளுக்கு ஊர்த் தொழில்கள், ஒரு டெப்ப வச்சு எப்பிடிப் படிப்பிக்கிற?

வாவிக்கரை டீச்சர்:
வணக்கம். மட்டக்களப்பு வவுணதீவுப் பக்கம் தரம் 2 படிப்பிக்கிறன், 26 புள்ளைகள். சுற்றாடல் பாடத்தில எங்களுக்கு உதவுற ஆக்கள், அவங்கட தொழில் எண்டு வருது. என்னட்ட ஒரு டெப்பும் (டேப்லெட்) ஃபோனும்தான், வகுப்புக்குள்ள சிக்னலும் இல்ல. போன கிழமை இறக்கி வச்ச வீடியோ ஒண்டு காட்டினன், அதில வாற தீயணைப்பு வண்டிய இவங்க ஒருநாளும் கண்டதில்ல, பாத்திட்டுப் பேசாம இருந்திட்டாங்க. மறுகா அப்பா என்ன வேலை எண்டு கேட்டா ஒருத்தன் "சும்மாதான் இரிக்கார்" எண்டான். அவன்ட அப்பா விடியச்சாமம் 3 மணிக்கே தோணியோட வாவிக்கு இறால் பிடிக்கப் போற மனிசன். அது மனசில கிடந்து அரிக்குது. என்ன செய்யலாம் சொல்லுங்க.

மருதமுனைத் தறி:
டீச்சர், வீடியோவ விடுங்க, சத்தத்த எடுங்க. உம்மா வாப்பா வேலை செய்யிற நேரம் ஒரு நிமிசம் வொய்ஸ் ரெக்கோர்ட் பண்ணி வாட்ஸ்அப்ல அனுப்பச் சொன்னன், வகுப்பில ஃபோன கவுத்து வச்சிட்டு போட்டுக் காட்டினன், என்ன தொழில் எண்டு புள்ளைகள் கண்டுபுடிக்கணும். கைத்தறிச் சத்தம் எங்கட ஊர்ல எல்லாருக்கும் தெரியும், ஆனா ஒண்டில டக் டக் எண்டு வந்து நடுவில நிண்டு போச்சி, ஒருத்தருக்கும் விளங்கல்ல. அந்தப் புள்ள எழும்பி "நூல் அறுந்திட்டு, உம்மா முடிச்சுப் போடுறா" எண்டு செல்லிச்சி. அதுக்குப் பொறகு நெடுக்கு நூல் பாவு எது, குறுக்கு நூல் ஊடை எது எண்டு அவதான் படிப்பிச்சா, நான் பாத்துக்கிட்டு இருந்தன்.

வயல்காரன்:
நல்ல யோசனை. அதோட ஸ்க்ராட்ச் ஜூனியரையும் போடுங்க, புள்ளைகள் தாங்களே அசையிற படக்கதை செய்ய 5 முதல் 7 வயசுக்கு எண்டே செஞ்ச ஆப், காசில்ல, வீட்டில இறக்கிட்டா வகுப்பில நெட் தேவையில்ல, வாசிக்கத் தெரியாத புள்ளையும் திரையில உள்ள படக் கட்டைகள இழுத்து அடுக்கி படத்தில உள்ள ஆள நடக்க வைக்கும், சொந்தக் குரலையும் பதியலாம். ஒரு ப்ரொஜெக்ட்ல 4 பக்கம் வரும். நான் விதைப்பு, தண்ணி, அரிவி வெட்டு, நெல்லு ஆலை எண்டு நாலாப் பிரிச்சன். தண்ணிப் பக்கத்துக்கு ஆர் வேணும் எண்டு கேட்டதும் வயலுக்குத் தண்ணி பாத்து விடுற வட்டை விதானை வந்திட்டார், எந்தப் புத்தகத்திலயும் அவர்ட படம் இல்ல, வாய்க்கால் தண்ணி அவர் இல்லாம வயலுக்கு வருமா சொல்லுங்க. 26 பேருக்கு ஒரு டெப் எண்டா அஞ்சஞ்சு பேராப் பிரிங்க, மத்தவங்க தாளில வரையட்டும்.

குடும்பநல மாது:
அம்புலன்ஸ் ஆக்களயும் சேருங்க, டீச்சர். அம்புலன்ஸ் நம்பர் 1990க்கு அடிக்கிறத நடிச்சுப் பழக்குங்க. நம்பர மட்டும் பாடமாக்கிப் போதாது, எந்த ஊர், எந்தக் கோயிலடி, எந்தச் சந்தி எண்டு புள்ளை தடக்காமச் சொல்லணும், அங்கதான் பெரிய ஆக்களே தடுமாறுறாங்க. பழைய பட்டன் ஃபோன் எடுங்க, சிம்ம மட்டும் கழட்டினா சில ஃபோன்ல அவசர அழைப்புப் போயிரும், பெட்டரியையே கழட்டிருங்க. புள்ளைகள்ட படம், குரல் ஒண்டையும் தாய் தகப்பனக் கேக்காம ஃபேஸ்புக்கில போடாதீங்க.

வாவிக்கரை டீச்சர்:
எல்லாருக்கும் நன்றி. அவன்ட அம்மாட்டக் கேட்டிருந்தன், இண்டைக்குக் காலையில வொய்ஸ் வந்திட்டு, 40 செக்கன். கம்பு ஊண்டித் தோணி தள்ளுற சத்தம், மறுகா வீச்சுவலை தண்ணியில விழுற சத்தம், கடைசில "மகன், கேக்குதா" எண்டு அப்பாட குரல். திங்கக்கிழமை அவன்தான் முதல்ல பட்டன அமத்தப் போறான்.