டிக்கி இடைவெளி ஒரு பக்கம் அகலமாக இருக்கிறது: தொழிற்சாலைக் குறையா, அடிபட்ட வண்டியா?

ஆரணிக்காரி எழுதியது:

வணக்கம். செகண்ட் ஹேண்டில் ஒரு கார் வாங்கப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கொரிய எஸ்யூவி, 2021 மாடல், ஒரே ஓனர், 46,000 கிலோமீட்டர் ஓடியது. கம்பெனி பெயரையும் மாடல் பெயரையும் இங்கே போடவில்லை. ஓட்டிப் பார்த்ததில் இன்ஜின், கியர், ஏசி எல்லாமே நன்றாக இருந்தன.

சிக்கல் பின்பக்கத்தில்தான். டிக்கி கதவை மூடிவிட்டு நேர் பின்னால் நின்று பார்த்தால், கதவுக்கும் பாடிக்கும் நடுவே இருக்கும் கோடு இடது பக்கம் ஒல்லியாகவும் வலது பக்கம் அகலமாகவும் தெரிகிறது. வலது பக்கம் என் சுண்டுவிரல் நுனி உள்ளே போகிறது, இடது பக்கம் நகம் மட்டும்தான் போகிறது. "கம்பெனியிலிருந்தே அப்படித்தான் வந்தது" என்று விற்பவர் சொல்கிறார்.

கூட வந்த மாமா அதைப் பிடித்துக்கொண்டார். அவர் தொண்ணூறுகளில் வளைகுடாவில் டிரைவராக இருந்தவர். "கொரியா வண்டி எப்பவுமே தகரம்தான், கதவை நேராக மாட்டவே தெரியாது" என்கிறார். எனக்கு இந்த வண்டிகளின் வடிவம் மிகவும் பிடிக்கும். கண்காட்சிக்கு மாதிரியாகச் செய்யும் கான்செப்ட் கார்களின் படங்கள் வந்தால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். அந்தப் படங்களில் இடைவெளியே தெரியாமல் ஒரே கல்லில் செதுக்கியது போல இருக்கிறதே, விற்கிற வண்டியில் மட்டும் ஏன் இப்படி? மாமா சொல்வது உண்மையா? இந்த வண்டியை நம்பி எடுக்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஞாயிறுக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

பழைய பாடிஷாப் எழுதியது:

அம்மா, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் பாடி வேலையில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவன் நான். முதலில் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். சுண்டுவிரல் கணக்கு போதாது, அளந்து பாருங்கள். ஹார்டுவேர் கடையில் ஃபீலர் கேஜ் கிடைக்கும், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள் அவை. இல்லையென்றால் புடைப்பெழுத்து இல்லாத ஏடிஎம் கார்டுகளை அடுக்கிச் செருகுங்கள். ஒரு கார்டு முக்கால் மில்லிமீட்டர் தடிமன். எத்தனை கார்டு போகிறது என்று இரண்டு பக்கமும் மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் எண்ணி எழுதிக்கொள்ளுங்கள்.

இந்தக் காலத்துக் காரில் டிக்கி இடைவெளி பெரும்பாலும் 3 முதல் 5 மில்லிமீட்டருக்குள் இருக்கும். இடதும் வலதும் அரை மில்லிமீட்டர் வித்தியாசப்படலாம், அதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் என்றால் அது தொழிற்சாலை வாசலைத் தாண்டியிருக்காது. லைனில் ரோபோ வெல்டிங் முடிந்ததும் அளவெடுக்கிறார்கள், கதவு மாட்டியதும் திரும்ப அளவெடுக்கிறார்கள்.

அப்புறம் டிக்கியைத் திறந்து மேலே கீல் போல்ட்டுகளைப் பாருங்கள். கதவைக் கீலோடு மாட்டிய பிறகுதான் பெயின்ட் அடிப்பார்கள், அதனால் போல்ட் தலையிலும் பாடியின் நிறம் இருக்கும். ஸ்பானர் பட்டிருந்தால் தலையின் மூலைகளில் பெயின்ட் உதிர்ந்திருக்கும். ஆனால் அது ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது, சும்மா அட்ஜஸ்ட் செய்யவும் கழற்றியிருக்கலாம்.

உண்மையைச் சொல்லும் இடம் ஸ்டெப்னி பள்ளம். டிக்கி விரிப்பை எடுத்து, ஸ்டெப்னியைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். தொழிற்சாலை ஸ்பாட் வெல்டிங் வட்டமாக, சின்னக் குழி போல, சீரான இடைவெளியில் வரிசையாக வரும். டிங்கரிங் கடை வெல்டிங் மேடு மேடாக இருக்கும், அதன் மேல் கிரைண்டர் ஓட்டிய கீறல் தெரியும். இணைப்புகளில் பூசியிருக்கும் சீலன்ட்டையும் விரலால் தடவுங்கள். மெஷின் போட்டது ஒரே அகலத்தில் ஓடும். கையால் போட்டதில் பிரஷ் தடம் இருக்கும். கடைசியாக டிக்கி வாயைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்கை ஒரு சாண் நீளம் இழுத்து எடுத்து, அதன் அடியில் தகர விளிம்பு நேராக இருக்கிறதா, நெளிந்து திரும்ப அடிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். விற்பவர் தடுத்தால் அங்கேயே வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

வரைகோடு எழுதியது:

பாடி விஷயம் ஐயா சொன்னதுதான். நான் தொழில்துறை வடிவமைப்பு சொல்லிக்கொடுப்பவன், கான்செப்ட் பற்றிய கேள்விக்கு வருகிறேன்.

கான்செப்ட் கார் ஒன்றே ஒன்று கையால் செய்யப்படுவது. பல சமயம் மேடைக்கு ஊர்ந்து போகும் அளவுக்குத்தான் ஓடும். அதன் கதவு பத்து வருடம் திறந்து மூட வேண்டியதில்லை, வெயிலில் விரிந்து குளிரில் சுருங்க வேண்டியதில்லை, மோதல் சோதனைக்கும் போக வேண்டியதில்லை. அதனால் கோட்டை மயிரிழையாக வைக்கலாம். விற்கிற வண்டியில் தகரத்தை அச்சில் அழுத்தினால் அது கொஞ்சம் திரும்பி எழும்பும். அதன் மேல் பெயின்ட் தடிமன் சேரும், கதவின் கனம் கீலை இழுக்கும். இதற்கெல்லாம் இடம் விட்டுத்தான் ஆக வேண்டும். உங்களுக்குப் பிடித்த அந்தக் கூர்மையான கோடுகள் வந்ததற்கும், இடைவெளியைக் கட்டுப்படுத்தக் கற்றுக்கொண்டதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. தொழிற்சாலை எவ்வளவு துல்லியமாகச் செய்யுமோ அவ்வளவு கூர்மையாகத்தான் வடிவமைப்பாளர் கோடு போட முடியும்.

ஹூண்டாயை எடுத்துக்கொள்ளுங்கள். 1974-ல் இத்தாலியின் டூரின் கண்காட்சியில் போனி என்ற காரைக் காட்டினார்கள். கொரியாவில் சொந்தமாக உருவாக்கிப் பெருமளவில் தயாரித்த முதல் கார் அதுதான். வடிவமைத்தவர் இத்தாலிக்காரர் ஜார்ஜெட்டோ ஜுஜாரோ, இன்ஜின் மிட்சுபிஷியிடமிருந்து வந்தது. அதே மேடையில் ஆப்பு மாதிரி கூர்மூக்குடன் போனி கூப்பே என்ற கான்செப்ட்டும் நின்றது. போனி கொரியாவின் உல்சானில் தயாரிப்புக்குப் போனது, கூப்பே போகவே இல்லை.

இப்போது 2019-க்கு வாருங்கள். ஃபிராங்க்ஃபர்ட்டில் '45' என்ற கான்செப்ட்டைக் காட்டினார்கள். போனி மேடையேறி 45 வருடம் ஆனதன் நினைவாக வைத்த பெயர். 2021-ல் அது ஐயானிக் 5 ஆக வந்தது. படத்தைப் பெரிதாக்கி அதன் கதவுகளைப் பாருங்கள். மூலைவிட்டமாக ஒரு மடிப்பு பின்கதவிலிருந்து முன்கதவுக்குத் தாண்டிப் போகிறது. இரண்டு கதவில் ஒன்று ஒரு மில்லிமீட்டர் ஏறி இறங்கினாலும் அந்தக் கோடு முறிந்தது போலத் தெரியும். தயாரிப்பில் நம்பிக்கை இல்லாத கம்பெனி அந்தக் கோட்டைப் போடவே போடாது. பானெட்டையும் வண்டியின் முழு அகலத்துக்கும் கிளிஞ்சல் மூடி போல வைத்திருக்கிறார்கள். மேலே இருந்து பார்த்தால் இடைவெளிக் கோடு குறைய வேண்டும் என்பதற்காகவே அப்படி. 1974 கூப்பேயின் சாயலில் 2022-ல் 'என் விஷன் 74' (N Vision 74) என்ற கான்செப்ட் வந்தது, 2023-ல் ஜுஜாரோவையே அழைத்து அந்தப் பழைய கூப்பேயைத் திரும்பக் கட்டினார்கள். எனக்கு அந்தப் படங்களைப் பார்த்தால் இன்னும் சிலிர்க்கும்.

இன்னொரு கொரியக் கம்பெனியான கியாவில் 2006-ல் பீட்டர் ஷ்ரையர் வடிவமைப்புத் தலைவரானார். 2007-ல் கீ என்ற கான்செப்டில் போட்ட 'புலி மூக்கு' கிரில்தான் பின்னால் எல்லா வண்டிக்கும் முகமானது. இங்கே 2018 டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் எஸ்பி கான்செப்ட்டாக நின்றது அடுத்த வருடமே செல்டோஸ் என்று விற்பனைக்கு வந்தது. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எவ்வளவு மிஞ்சியது என்று தெரியும்.

இன்ஜின் பிரியன் எழுதியது:

மாமாவை முழுக்கத் தப்பு சொல்லாதீர்கள் சகோதரி. அவர் சொல்வதற்கு ஒரு காலத்தில் ஆதாரம் இருந்தது. 1986-ல் ஹூண்டாய் எக்செல் அமெரிக்காவில் 4,995 டாலருக்கு இறங்கியது. முதல் வருடமே 1,68,882 வண்டிகள் விற்றன. ஆனால் தரம் தாங்கவில்லை, பெயர் கெட்டுப்போனது. அமெரிக்காவின் ஜே.டி. பவர் என்ற ஆய்வு நிறுவனம் புது வண்டிகளில் முதல் 90 நாளில் வரும் குறைகளை எண்ணும். 1998-ல் நூறு கொரிய வண்டிக்கு 272 குறை. அந்த 272-தான் மாமாவின் காலத்து வண்டி.

அங்கிருந்து திரும்பியதுதான் முக்கியம். 1998-ல் கியா ஹூண்டாயின் கைக்கு வந்தது. அடுத்து குழுமத்தின் தலைமைக்கு வந்த சங் மோங்-கூ தரத்தையே முதல் வேலையாக எடுத்தார். அமெரிக்காவில் இன்ஜினுக்கும் கியருக்கும் 10 வருடம் அல்லது ஒரு லட்சம் மைல் வாரண்டி கொடுத்தார்கள். குறையோடு வண்டி அனுப்பினால் அந்தச் செலவு முழுக்கத் தங்கள் தலையில் என்று தெரிந்தே கொடுத்த வாக்கு. 2004-ல் கொரிய வண்டிகளின் கணக்கு 117-க்கு இறங்கியது. கம்பெனி அளவில் ஹூண்டாய் 102 எடுத்து ஹோண்டாவோடு சமமாக நின்றது. டொயோட்டா 101. நம் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ கிளம்பியதும் அதே 1998-ல்தான். அதனால் இங்கே பலருக்கு அந்தப் பழைய காலம் தெரியாது, மாமாவுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆனால் தரம் என்பது ஒரு தடவை ஏறி அங்கேயே உட்கார்ந்துவிடுவது இல்லை. 2015-ல் அமெரிக்காவில் சுமார் 4,70,000 ஹூண்டாய் சொனாட்டா கார்களைத் திரும்ப அழைத்தார்கள். அவற்றில் இருந்த தீட்டா 2 இன்ஜினின் கிராங்க் ஷாஃப்டைக் கடைந்தபோது மிஞ்சிய உலோகத் துகள் எண்ணெய் வழியை அடைத்து பேரிங்கைத் தின்றுவிட்டது. உள்ளிருந்து அதை வெளியே சொன்ன பொறியாளர் கிம் குவாங்-ஹோவுக்கு 2021-ல் அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2.4 கோடி டாலருக்கு மேல் வெகுமதி கொடுத்தது. நான் மதிக்கும் மனிதர். வெளியே இடைவெளி சீராக இருப்பதும் உள்ளே எண்ணெய் வழி சுத்தமாக இருப்பதும் வேறு வேறு. அதனால் எந்தக் கம்பெனி வண்டியானாலும் சேசிஸ் நம்பரை வைத்து ரீகால் (குறையைச் சரிசெய்யக் கம்பெனி திரும்ப அழைப்பது) நிலுவை இருக்கிறதா என்று சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். அப்படியே சர்வீஸ் வரலாற்றையும் வாங்குங்கள்.

ஆரணிக்காரி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை மாமாவையும் டார்ச்சையும் கூட்டிக்கொண்டு போனேன். இடது பக்கம் மேலும் நடுவும் கீழும் ஐந்து கார்டு. வலது பக்கம் மேலே ஆறு, நடுவே எட்டு, கீழே ஒன்பது கார்டு வரை போனது. கீல் போல்ட் இரண்டில் மூலை உதிர்ந்து வெள்ளி நிறம் தெரிந்தது. ஸ்டெப்னியைத் தூக்கினோம். இடது பக்கம் குழிகள் பொட்டு வைத்தது போல வரிசையாக இருந்தன. வலது ஓரத்தில் ஒரு முழம் நீளத்துக்குக் குழியே இல்லை, கெட்டியாக கறுப்பு பெயின்ட் அடித்திருந்தார்கள். தடவினால் கையில் மேடு தட்டியது.

மாமாதான் முதலில் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இது கொரியாக்காரன் செய்தது இல்லை" என்றார்.

விற்பவரிடம் நேராகக் கேட்டேன். ஒன்றரை வருடம் முன்பு பின்னால் ஒரு வேன் மோதியதாகவும், இன்சூரன்ஸ் போடாமல் வெளியே டிங்கரிங் பார்த்ததாகவும் ஒப்புக்கொண்டார். விலையில் நாற்பதாயிரம் குறைக்கிறேன் என்கிறார். எடுக்கலாமா?

பழைய பாடிஷாப் எழுதியது:

வேண்டாம் அம்மா. கீழே போகப் போக இடைவெளி அகலமாவதைப் பார்த்தால் பின் மூலையே நகர்ந்திருக்கிறது, வெறும் கதவு வேலை இல்லை. இன்னொரு தடவை பின்னால் அடி விழுந்தால் அந்த வெல்டிங் எப்படித் தாங்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. பின் சீட்டில் குழந்தைகள் உட்கார்வார்கள். நாற்பதாயிரம் அதற்கு ஈடாகாது.

ஆரணிக்காரி எழுதியது:

சரி ஐயா, விட்டுவிட்டேன். வேலூரில் இன்னொன்று இருக்கிறது, அதுவும் கொரிய வண்டிதான். சொன்னது மாமா. அடுத்த ஞாயிறு போகிறோம், ஃபீலர் கேஜ் வாங்கிவிட்டார்.

பழைய பாடிஷாப் எழுதியது:

நல்லது. வண்டியைச் சமதரையில் நிறுத்தச் சொல்லி அளங்கள். ஒரு சக்கரம் மேட்டில் ஏறி நின்றால் பாடி லேசாக முறுக்கிக்கொண்டு இடைவெளியை மாற்றிக் காட்டும். முதல் நாள் கழுவிய வண்டியாக இருந்தால் ஸ்டெப்னி பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறதா என்றும் பாருங்கள்.